எங்கள் ஃபியட்டுக்கு ஒற்றைக் கண்ணாடி

"அடுப்படியில் கரண்டி பிடிக்கிறவளுக்குக் கார்க் கதவைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை. என் வீட்டுக்காரரும் முதலில் அப்படித்தான் கேட்டார். ஆனால் சென்ற வருடம் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடியை வைத்து மூன்று மாதம் பஞ்சாயத்து நடந்தது. அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், தாத்தா வாயே திறக்காமல் இன்னொரு பக்கம். கடைசியில் பழுப்புத் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போய் நின்றவள் நான்தான்.

எங்கள் வண்டி 1986-ல் வந்த பிரீமியர் பத்மினி. உசிலம்பட்டியில் மாமா புண்ணாக்கு, பருத்திவிதைக் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கியது. நான் மருமகளாய் வந்து இறங்கியதும் அதில்தான். என் பிள்ளையைப் பெற்றெடுத்து மதுரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதில்தான். எல்லோரும் அதை "ஃபியட்" என்றுதான் சொல்வோம். அது பொய்யுமில்லை. இத்தாலி ஃபியட் கம்பெனியின் 1100 காரை, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் 1964 முதல் "டிலைட்" என்ற பெயரில் செய்தார்கள். பிறகு "பிரெசிடெண்ட்" ஆயிற்று. 1974-ல் சித்தூர் ராணியின் பெயரில் "பத்மினி" ஆயிற்று. பெயர்தான் மாறியதே தவிர, உருவம் பெரிசாக மாறவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்யாணமாகி இனிஷியல் மாறுகிற மாதிரி!

இந்த வண்டியில் முன்கதவுக் கண்ணாடி இரண்டு துண்டு. கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்குகிற பெரிய கண்ணாடி ஒன்று. அதற்கு முன்னால், கண்ணாடிக் கம்பத்தை ஒட்டி, முக்கோணமாய்ச் சின்னக் கண்ணாடி ஒன்று. நடுவில் ஒரு இரும்புச் சட்டம். சின்னது ஏறி இறங்காது. ஒரு கொக்கியைத் திருப்பித் தள்ளினால் சன்னல் கதவு மாதிரி திரும்பும். எங்கள் வீட்டில் அதற்குக் "குட்டிக் கண்ணாடி" என்று பெயர்.

இந்தக் குட்டிக் கண்ணாடி செய்கிற வேலை எனக்கே இப்போதுதான் புரிந்தது. லேசாகத் திறந்து வைத்தால், ஓடுகிற வேகத்தில் உள்ளே இருக்கிற புழுக்கத்தை வெளியே உறிஞ்சி எடுத்துவிடும். முழுசாக எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தாலோ, வெளிக்காற்றை அள்ளி நேரே முகத்தில் கொட்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1933-ம் வருட கார்களில் இதைப் பெரிய வசதியாக விளம்பரப்படுத்தியது. அப்புறம் 1964-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனி, கார்டினா காரில் டாஷ்போர்டு வழியாகவே முகத்துக்குக் காற்று வந்து பின்பக்கமாக வெளியேறுகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியாகக் குட்டிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, முழுக் கதவுக்கும் ஒரே கண்ணாடி போட ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் மாருதி 800 தெருவெல்லாம் ஓடத் தொடங்கியபின், பழைய ஃபியட் வைத்திருந்தவர்களுக்கும் அந்த வழவழப்பின்மேல் ஆசை வந்துவிட்டது.

என் மகனுக்கும் வந்தது. மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். "அம்மா, ரெண்டு பக்கமும் சிங்கிள் கிளாஸ் போட்டா வண்டி ராஜா மாதிரி இருக்கும்" என்றான். அழகுக்காக என்றால் நானே "சும்மா இருடா" என்றிருப்பேன். ஆனால் அவன் அப்பா சொன்ன காரணம் வேறு.

செக்கானூரணிப் பக்கம் ஒரு சாயங்காலம், பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை வந்தது அவர் கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாடிக் கம்பமும், பக்கத்தில் அந்த இரும்புச் சட்டமும் சேர்ந்து சரியாக அந்தப் பிள்ளையை மறைத்துவிட்டன. பிரேக் போட்டு நிறுத்தியபோது சைக்கிள் சக்கரத்துக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இடைவெளிதான். பிள்ளை "பாத்து வாங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாம். இவர் வீட்டுக்கு வந்து காபியைக்கூடத் தொடவில்லை. "அந்தச் சட்டம் இருக்கிற வரைக்கும் நான் வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

போதாததற்கு அந்தக் கண்ணாடிகள் பழுதும் பட்டிருந்தன. ரப்பர் காய்ந்து, முறுக்கு மாதிரி ஒடிந்து விழுகிறது. மழை பெய்தால் காலடியில் தண்ணீர். வலப்பக்கத்துக் கொக்கி உடைந்து கம்பி கட்டி வைத்திருந்தோம். ஒரு கோயில் வாசலில் எவனோ அந்தக் கம்பியை வளைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, என் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே இருந்தது மூக்குக்கண்ணாடியும் வெற்றிலைப் பொட்டலமும்தான். பாவம், அவனுக்கும் ஏமாற்றம்.

அப்பாவும் மகனும் பேசி, இரண்டு கதவுக்கும் ஒற்றைக் கண்ணாடி போட முடிவு செய்துவிட்டார்கள். மாமாவிடம் சொன்னபோது, "ஓட்டுறது நீங்க. ஒங்க இஷ்டம்பா" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று மத்தியானம் கொல்லையில் துணி காயப்போடும்போது பார்த்தேன். நின்றுகொண்டிருந்த வண்டியில் இடப்பக்க முன்சீட்டில் போய் உட்கார்ந்து, அந்தக் குட்டிக் கண்ணாடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு 81 வயது. பல வருடமாக இழைப்பு. கடையில் தூசியிலேயே இருந்த உடம்பு. அவருடைய இடம் அந்த இடப்பக்க முன்சீட்டுதான். ஏறியதும் குட்டிக் கண்ணாடியை முழுசாகத் திருப்பி, காற்றை நெஞ்சிலும் முகத்திலும் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நடுராத்திரியில் மூச்சு முட்டி, மதுரைக்கு ஓடினோம். அந்த 40 கிலோமீட்டரும் பின்சீட்டிலிருந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தது நான். கருமாத்தூர் தாண்டும்போது "இந்தக் காத்துதான் தாயி என்னைக் கொண்டுபோய்ச் சேக்குது" என்றார். அந்த வார்த்தை எனக்குள் அப்படியே இருக்கிறது.

இது வெறும் மனப்பிராந்தி இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத் திணறுகிற உணர்வு கொஞ்சம் தணியும். அதனால்தான் நாள்பட்ட நெஞ்சு நோயாளிகளுக்குக் கையில் பிடிக்கிற சின்ன விசிறியைக்கூட டாக்டர்கள் யோசனை சொல்கிறார்கள். மருந்துக்கும் உறிஞ்சு குழலுக்கும் அது மாற்று இல்லை. திணறல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் போகிற வழியில் அது ஒரு துணை.

ராத்திரி சாப்பாடு போடும்போது பேச்சை எடுத்தேன். "ஏங்க, புது வண்டிகளில் குட்டிக் கண்ணாடியை எடுத்தாங்கன்னா, டாஷ்போர்டிலே காத்துக்கு வேற வழி வச்சுட்டு எடுத்தாங்க. நம்ம வண்டியிலே மொகத்துக்கு நேரா காத்து வர்ற ஓட்டை எங்கே இருக்கு? ஏ.சி. இருக்கா?"

"பெரிய கண்ணாடியை இறக்கிக்கிட்டா காத்து வராதா?"

"வரும். தூசியோட வரும், காதுக்குள்ளே வரும். மாமா மொகத்துக்கு வராது."

மகன் குறுக்கே, "அப்ப என்னதாம்மா செய்யச் சொல்றே?" என்றான்.

"ஒங்க அப்பா பக்கம் ஒற்றைக் கண்ணாடி போடு. தாத்தா பக்கம் பழசே இருக்கட்டும். ரப்பரை மாத்து."

"ஐயோ அம்மா! ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் ஒண்ணா? ஒத்தக்கண்ணு மாதிரி இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் வண்டியோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்திலே பாக்க முடியாதுடா" என்றேன். என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான், ஒரு வாரம்.

மதுரையில் பழைய வண்டிகளுக்கென்றே பேர் போன ஒரு மேஸ்திரியிடம் விட்டோம். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியதும் எனக்கு ஆச்சரியம். கதவு என்பது உள்ளே வெறும் தகரப் பெட்டி! கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் சுற்றி, ஒரு நீளக் கை தூக்கும். கண்ணாடியின் அடியில் மாட்டியிருக்கிற பள்ளச் சட்டத்துக்குள் அந்தக் கையின் நுனி உருண்டு ஓடி, கண்ணாடியை ஏற்றும். குட்டிக் கண்ணாடியையும் நடுச் சட்டத்தையும் ஸ்குரூ கழற்றி அப்படியே உருவி எடுத்துவிட்டார்கள்.

எடுப்பது சுலபமாக இருந்தது. போடுவதில்தான் வந்தது வினை. காருக்குப் போடுவது சாதாரணச் சன்னல் கண்ணாடி இல்லை. அதைச் சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்களாம். அதனால் பலம் கூடுகிறது. உடைந்தாலும் கத்தி போல் பிளக்காமல், கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாக உதிர்கிறது. ஆனால் ஒருமுறை அப்படிப் பதப்படுத்திவிட்டால் பிறகு அதை ஒரு நூல்கூட வெட்ட முடியாது. வெட்டினால் மொத்தமும் பொடியாகிவிடும். அளவு, ஓரம் தேய்ப்பது, ஓட்டை போடுவது எல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டறைப் பையன் கதவில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியை மட்டும் டேப் வைத்து அளந்து, கண்ணாடிக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். கண்ணாடி வந்தது. மேலே ஏற்றினால் சரியாகக் காட்சிக்கு நிற்கிறது. பள்ளத்துக்குள் பிடிமானமே இல்லை. முன்பக்கம் விரல் நுழைகிற சந்து. கடைக்காரர் "நீங்க தந்த அளவு" என்றார், பட்டறைக்காரர் "நான் சொன்னது வேற" என்றார். பணம் போனது போனதுதான்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ஜாக்கெட் வெட்டும்போது உடம்பளவுக்கே வெட்டினா தையலுக்கு எதை வைக்கிறது?" என்றேன். பத்தாவது முடித்ததும் தையல் வகுப்பு போனவள் நான். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் என் கையால்தான். மறுநாள் பழுப்புத் தாள், குண்டூசி, கெட்டி அட்டையோடு பஸ் ஏறிப் போய்விட்டேன். மேஸ்திரி முதலில் ஒரு மாதிரி பார்த்தார். "அக்கா, இது பிளவுஸ் இல்ல." "தெரியும்ப்பா, ஒரு தடவை நான் சொல்றபடி செஞ்சு பாரு" என்றேன்.

முதலில் கண்ணாடி ஓடுகிற பள்ளங்களில் புது ஃபெல்ட் பட்டையைப் போடச் சொன்னேன். அது போட்ட பிறகுதானே உண்மையான இடைவெளி தெரியும்? அப்புறம் தாளை அப்பள்ளத்தின் அடிவரைக்கும் நுழைத்து, மடிப்பு விழுகிற இடத்தில் நகத்தால் கீறி வெட்டினேன். அதை அட்டையில் வைத்து இன்னொரு முறை வெட்டி, அட்டையையே கண்ணாடி மாதிரி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. காரின் முன்கம்பம் சாய்வு. கண்ணாடியோ நேராகக் கீழே இறங்குகிறது. இரண்டு அங்குலம் இறங்கியதுமே சாய்ந்த ஓரம் கம்பத்தை விட்டு விலகி, முன்மூலை ஆதரவில்லாமல் ஆடுகிறது! அதனால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியை நேராக விட்டு, கதவுக்குள் முன்பக்கம் ஒரு நேர்ப் பள்ளச் சட்டத்தை நிறுத்திப் பற்ற வைத்தார் மேஸ்திரி. மேலே சாய்வு, கீழே நேர். பார்க்க ஒரு பக்கம் அம்ஹோல் வெட்டிய முன்துண்டு மாதிரியே இருந்தது, சிரிக்காதீர்கள்.

இன்னொன்றும் அட்டை சொல்லிக் கொடுத்தது. கண்ணாடி முன்பக்கம் நீண்டுவிட்டதால் கனமும் முன்னால் போய்விட்டது. பழைய இடத்திலேயே தூக்கினால் மூக்கு தொங்கி, கோணலாய் ஏறிச் சிக்கிக்கொள்ளும். அதனால் அடிச்சட்டத்தைக் கனத்துக்குத் தகுந்தபடி முன்னால் நகர்த்தி மாட்டினார்கள். இவ்வளவு செய்தும் கண்ணாடி முழுக்க இறங்கவில்லை. இரண்டு விரல் அகலம் மேலேயே நிற்கிறது. "உள்ளே இடம் அவ்வளவுதான் அக்கா" என்றார். இருக்கட்டும், முழங்கை வைக்கத்தான் கொஞ்சம் தொந்தரவு.

இரண்டாவது முறை கண்ணாடி வந்தபோது மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினோம். மகன், "கறுப்பு ஃபிலிம் ஒட்டிடலாம்" என்றான். அதற்கு மேஸ்திரியே மறுத்துவிட்டார். பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும் என்பது சட்டம். ஃபிலிம் எதையும் ஒட்டவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2012-ல் சொல்லிவிட்டது. எங்கள் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியோடு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

இடப்பக்கத்துக் கதை சுருக்கம். வலப்பக்கத்தில் கழற்றிய கொக்கியையும் சட்டத்தையும் இடப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சிக்கனக் கணக்குப் போட்டேன். வலது செருப்பை இடது காலில் போட முடியுமா? பொருந்தவில்லை. சென்னையில் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் என் தம்பி தேடி, இடப்பக்க ரப்பரும் கொக்கியும் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். ரப்பரை மாட்டும்போது எண்ணெய் தடவக்கூடாது, ஊறிக் கெட்டுவிடும்; சோப்புத் தண்ணீர் தொட்டுத்தான் நுழைக்க வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை நான் ஈரத்துணியால் துடைத்து, குழந்தைப் பவுடர் தூவி விடுகிறேன். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. மண் அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றே போதும், குத்திவிட. எந்தக் காருக்கும் இது பொருந்தும்.

கண்ணாடிப் பேச்சு வந்ததால் இளம் தாய்மார்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, "ரெண்டு நிமிஷம் அத்தை, மருந்து வாங்கிட்டு வந்துடறேன், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சிருக்கேன்" என்று குழந்தையைத் தூங்கவிட்டு இறங்கப் பார்த்தாள். அலறிவிட்டேன். வெயிலில் நிற்கிற காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி சூடு ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசமில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் அழும்தான். அழட்டும், தூக்கிக்கொண்டு போங்கள். அதேபோல் கைப்பிடியைச் சுற்றி ஏற்றுவதற்கு முன், பின்சீட்டுப் பிள்ளைகளின் கையும் தலையும் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் ஏறுகிற புது வண்டிகளில் இது இன்னும் முக்கியம். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவள்தான்.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். வீணாய்ப்போன முதல் கண்ணாடியையும் சேர்த்தால், ஒரு நல்ல மிக்ஸியும் அதற்கு மேல் ஒரு குக்கரும் வாங்கியிருக்கலாம். என் மிக்ஸி இன்னும் ரிப்பேரோடுதான் ஓடுகிறது.

2023 அக்டோபர் 30-ம் தேதியோடு பம்பாயில் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றுவிட்டதாகப் பேப்பரில் வந்ததை மாமா வெட்டி வைத்திருந்தார். வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று அதை எடுத்துப் பேரனிடம் காட்டினார். "அங்கே நிறுத்திட்டாங்க. நம்ம இன்னும் ஓட்டுறோம் பாத்தியா" என்றார். பேரன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவனே வாளியில் தண்ணீர் எடுத்துவந்து வண்டியைக் கழுவினான், இரண்டு பக்கமும்.

ஐப்பசியில் மாமாவுக்குப் பரிசோதனைக்காக மதுரை போனோம். சாவியை ஆணியிலிருந்து இவரே எடுத்தார். செக்கானூரணி திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு தெரியுது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது நல்ல மழை. வலப்பக்கம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இடப்பக்கம் சாரல் அடித்து மாமாவின் வேட்டி நனைந்தது. "மூடிக்கங்க மாமா" என்றேன். துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டார். குட்டிக் கண்ணாடியை மட்டும் மூடவில்லை.